சென்னைக்கு ஏற்கெனவே ஒரு சென்னை இருக்கிறது

புக்கிட் செலம்பாவ், சுங்கை லாலாங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் காணொளியும் குறும்படமும் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். உங்கள் அப்பா, சித்தப்பாமாரை இன்னும் நன்றாகத் தெரியும். எண்பதுகளில் நம் கடைத்தெருவில் படக்கேசட் வாடகைக்கு விட்ட கடை என்னுடையது. சம்பளம் போட்ட அன்று மாலை தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வந்து இறங்குவார்கள். "அண்ணே, அழுவாச்சி இல்லாத படமா ஒண்ணு குடுங்க" என்பார்கள். மறுவாரம் அவர்களே வந்து, "வீட்ல பொம்பளைங்க அழுவுற படம் கேக்குறாங்கண்ணே" என்பார்கள். திருப்பித் தரும்போது நாடாவைப் பின்னால் சுற்றித் தரவேண்டும் என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தேன். யாரும் சுற்ற மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. எந்தப் படத்தை எந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார்கள் என்பது நாடாவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்று யூடியூப் உங்களுக்குக் கோடு போட்டுக் காட்டுகிற கணக்கை எனக்கு அவர்களுடைய சோம்பல் காட்டிக் கொடுத்தது. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. கூரைக்குக் கூரை தட்டு ஏறியது. கடை படுத்துவிட்டது. பார்க்கிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே இதைப் பெரியவர் உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் தெரிந்த ஒரு பார்வையாளனின் புகார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைவேலையில் எனக்குக் குறை இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே சாயங்கால வெளிச்சத்தைப் பிடிக்கத் தெரிகிறது. வெட்டி ஒட்டத் தெரிகிறது. மழைச் சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கக்கூடத் தெரிகிறது. ஆனால் வாயைத் திறந்ததும் சுங்கை பட்டாணி காணாமல் போய்விடுகிறது. லாலாங் பக்கத்துப் பையன் ரவுடியாக நடித்தால் வடசென்னைக்காரனாகிவிடுகிறான். "இன்னாடா" என்கிறான். அவன் பிறந்ததிலிருந்து அவன் வீட்டில் யாரும் "இன்னாடா" என்றிருக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கடைக் காணொளி எடுக்கும் தங்கை, ரோட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைத்ததும் கண்ணை மூடித் தலையை ஆட்டி "வேற லெவல்" என்கிறாள். மதுரையில் பரோட்டா தின்னும் யூடியூபர் ஆட்டுகிற அதே தலை, அதே கோணம். தோட்டத்து மாமியார் பட்டுப்புடவையோடு தூங்கி எழுகிறாள். காதலில் தோற்றவன், நம் ஊரில் இரயில் இல்லை என்பதற்காக, மெனக்கெட்டுச் சுங்கை பட்டாணி நிலையத்துக்குப் போய் மேடை ஓரத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறான்.

உங்களில் ஒருவரிடம் கேட்டேன். "அங்கிள், அதுதான் ஓடுது" என்றார்.

ஓடுவதன் பின்னால் மட்டுமே ஓடுகிற ஊர் இல்லை இது. நம் ஊருக்குச் சுயேச்சைகள் புதிதில்லை. 2008 பொதுத்தேர்தலில் புக்கிட் செலம்பாவ் சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நின்ற வி. ஆறுமுகத்தை வெல்ல வைத்தோம். பிறகு அவர் கெஅடிலான் கட்சியில் சேர்ந்ததும், பதவி விலகியதும், 2009 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த இடைத்தேர்தலில் 15 பேர் நின்றார்கள். அவர்களில் 13 பேர் சுயேச்சை. அவர்களுக்கு விழுந்த வாக்குகளைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. ஆனால் ஒரே வாக்குச்சீட்டில் 13 சுயேச்சைகளைக் கண்ட ஊரில், திரையில் ஒரு சுயேச்சையைக்கூடக் காணோமே என்பதுதான் என் புகார்.

நீங்கள் பார்த்து எழுதுகிற சரக்கில் பாதி, சென்னைக்காரர்கள் வேறு எங்கிருந்தோ வாங்கியது. பிக் பாஸ் தமிழில் 2017இல் வந்தது. அதன் மூலம், 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய நிகழ்ச்சி. 2000ஆம் ஆண்டில் சரத்குமார் சன் தொலைக்காட்சியில் நடத்திய கோடீஸ்வரன், 1998இல் இங்கிலாந்தில் பிறந்த வினாடி வினாவின் தமிழ் உரு. நம் வீடுகளில் அம்மாமார் கண் கலங்கிப் பார்த்த பாக்கியலட்சுமி, வங்காளத் தொடர் ஒன்றின் மறு ஆக்கம். காசு கொடுத்து உரிமை வாங்கிச் செய்கிறார்கள், அதில் தப்பு இல்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் டச்சுக்காரன் யோசித்ததை மும்பை வாங்கி, மும்பையிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து ஆஸ்ட்ரோ வழியாக உங்கள் வரவேற்பறைக்கு வந்து, அதைப் பார்த்து நீங்கள் தாமான் வீட்டில் பத்துப் பேரை உட்காரவைத்துச் சண்டை போடச் சொல்லி எடுக்கும்போது, அதில் உங்கள் பங்கு என்று எது மிச்சமிருக்கும்?

அதே சென்னை தன் வீட்டுக் கதையைத் தானே யோசித்தபோது என்ன நடந்தது என்றும் பாருங்கள். விஜய் தொலைக்காட்சியில் 2018இல் தொடங்கிய பாண்டியன் ஸ்டோர்ஸ், மளிகைக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகளின் கதை. பெரிய புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடையும், பலசரக்கு மூட்டைகளுக்கு நடுவே நடக்கும் கோபதாபங்களும் எழுதியவர்களுக்குத் தெரிந்த உலகம். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இந்தியிலும் அதை எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு வந்த குக் வித் கோமாளியும் வெளிநாட்டு வார்ப்பில் ஊற்றியது இல்லை.

அடுத்தவரிடமிருந்து எதையும் எடுக்காதே என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் தமிழில் பாதி இலக்கியத்தைத் தூக்கிக் கடலில் போடவேண்டும். கம்பன் வால்மீகியிடம்தான் கதை வாங்கினான், வாங்கியதை மறைக்கவும் இல்லை. ஆனால் இராவணன் சீதையைக் கையால் தீண்டித் தூக்கிப் போவதைக் கம்பனால் எழுத முடியவில்லை. குடிசை நின்ற நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிப் போகிறான் என்று மாற்றினான். தன் சனங்களின் மனசு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பழைய கதை வேண்டாம் என்றால் நம் நாட்டு யோகி பி இருக்கிறார். நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். ராப் என்பது அமெரிக்காவில் கறுப்பினத்துப் பிள்ளைகள் உண்டாக்கியது. 'மடை திறந்து' பாட்டின் மெட்டு இளையராஜாவுடையது, 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் உள்ளது. இரண்டுமே இரவல். ஆனால் இரண்டையும் சேர்த்து, மலேசியத் தெருவில் பேசுகிற வேகத்தில் தமிழை உதறிப் போட்டபோது, சென்னையில் அப்படி ஒன்று அதுவரை இல்லை. பிறகு சென்னைதான் அவரைக் கூப்பிட்டது. 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'காலா' என்று அவர் குரல் அங்கே போய் ஒலித்தது. நூறு ஆண்டுகளாக அங்கிருந்து இங்கே கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு அந்த ஒருமுறை எதிர்த்திசையில் போனது. எனக்கு ராப் பிடிக்காது, அது வேறு விஷயம். காது வலிக்கிறது.

இனி உங்கள் துறைக்கே வருகிறேன். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. 2016 ஜூலையில் பா. இரஞ்சித்தின் 'கபாலி' வந்தது. இரண்டுமே மலேசியத் தமிழர்களைப் பற்றியவை. இரண்டிலும் குண்டர் கும்பல் உண்டு, பின்னணியில் தோட்டம் உண்டு. இடைவெளி ஏழு மாதம். கபாலியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரஞ்சித் நம் வரலாற்றைத் தேடிப் படித்துவிட்டுத்தான் வந்தார், இங்கே வந்துதான் படம் பிடித்தார். ஆனால் அதில் ரஜினி இருக்கிறார். ரஜினி இருக்கும் இடத்தில் வேறு யாரும் மலேசியராக இருக்க முடியாது. இங்கே திரையிட்ட பிரதியில் முடிவை மாற்றி, கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டதுதான் அந்தப் படத்திலேயே மிகவும் மலேசியத்தனமான இடம்.

'ஜகாட்' அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையனின் கதை. தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கில் குடியேறிய சனங்கள். நன்றாகப் படி என்று அடித்துச் சொல்லும் அப்பா. கும்பலில் இருக்கும் ஒரு சித்தப்பா. அந்தப் பையன் யாரைப் போல ஆவான் என்பதுதான் படம். அதில் பேசுகிற தமிழ் நம் வீட்டுத் தமிழ். பாதி வாக்கியத்தில் மலாய் வரும், கெட்ட வார்த்தை வரும், யாரும் மூச்சுப் பிடித்து வசனம் பேச மாட்டார்கள். என்னோடு உட்கார்ந்து பார்த்த பழைய பால்வெட்டுக்காரர் ஒருவர் படம் முடிந்ததும், "நம்மளப் படம் புடிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். கபாலிக்கு அவர் விசில் அடித்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அந்தப் படத்துக்கு 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் என்ன நடந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று ஏற்பாட்டாளர்கள் முதலில் அறிவித்தார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்தார்கள். நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷாவ்கி விழாவைப் புறக்கணிப்பதாகச் சொன்னார். ஒரு பெரிய வங்கி ஆதரவை விலக்கிக்கொண்டது. விதிகள் மாறின. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குப் போனது. வடசென்னைத் தமிழ் பேசி எடுத்திருந்தால் அந்தச் சண்டை போட யாருக்கும் காரணமே இருந்திருக்காது. 'இது எங்கள் நாட்டுப் படம்' என்று மற்ற இனத்தவர் நமக்காகப் பேசியது, அது இந்த நாட்டைத் தவிர வேறு எங்கும் பிறந்திருக்க முடியாத படம் என்பதால்தான்.

இதைச் சொன்னதும், அசலாக எடுத்தால் ஓடும் என்று நான் ஆசை காட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். ஓடும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. 'ஜகாட்' விருது வாங்கியது, கூட்டம் கபாலிக்குத்தான். 2005இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். தோட்டத்துப் பெண் ஒருத்தி மேலே படிக்க ஆசைப்படும் கதை. வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களில் பார்த்தார்கள், நம் தோட்டங்களில் பார்த்தவர்களைத் தேடவேண்டும். விமலா பெருமாளின் 'வெடிகுண்டு பசங்க' 2018இல் நல்ல வசூல் கண்டது. அது சிரிக்கவைக்கும் படம். உள்ளூர்ப் பேச்சில் சிரிப்பு இருந்தால் நம் சனங்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்பது அதில் தெரிந்தது. அழவைத்தால் வாங்குவார்களா என்று எனக்குத் தெரியாது. கேசட் காலத்தில் வாங்கினார்கள்.

கதை கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் குடியிருப்பது எந்த இடம் என்று தெரியுமா?

பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டம். ஜப்பான்காரன் போன பிறகு, சயாம் இரயில் பாதையில் செத்தவர்கள் போக மிச்சம் திரும்பி வந்த காலம். அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி 1946இல் இளைஞர்களைச் சேர்த்துத் தொண்டர் படை என்று ஒன்றைக் கட்டினார். சீருடை போட்டார்கள். அணிவகுத்து நடந்து பழகினார்கள். அவர்கள் குறி வைத்தது கள்ளுக்கடை. தோட்டத்துக்கு ஒரு கள்ளுக்கடை இருந்தது. வாங்கிய கூலி அன்று மாலையே கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தொண்டர் படை கடை வாசலில் நின்று மறித்தது. தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947இல் போலீஸ் இறங்கியது, கைதுகள் நடந்தன, தொழிலாளர் உயிரும் போனது. இதில் நாயகன் இருக்கிறான், வில்லன் இருக்கிறான், ஒரு சமுதாயம் தன்னைத் தானே பார்த்து வெட்கப்பட்டு எழுந்து நின்ற கதையும் இருக்கிறது. தோட்டத்துக் கூலிக்காரனுக்குத் தானாக யோசிக்கத் தெரியாது என்று துரைமார் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. இதை வைத்து ஒரு தொடர் எடுத்து நான் பார்த்ததில்லை. நீங்கள் நடிக்கிற 'இன்னாடா' ரவுடியைவிட ஏ. எம். சாமி எந்த வகையில் குறைச்சல்?

தெற்கே போனால் லுனாஸ். அங்கே பிறந்தவர் ம. நவீன். 'வல்லினம்' இதழை 2007இல் தொடங்கி, பிறகு இணைய இதழாக நடத்திவருகிறார். லுனாஸின் விஷச் சாராயச் சாவுகளைப் பின்னணியில் வைத்து 'பேய்ச்சி' நாவலை எழுதினார். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. அமைச்சுக்கு முன்பே அந்த நாவலை எதிர்த்துக் கொடி பிடித்தவர்கள் நம்மவர்களே. அந்த நாவலில் உள்ள வசவுகள் எனக்கும் ரசிக்கவில்லை. ஆனால் அந்த வசவுகளை லயத்தில் கேட்காத காதா நம் காது? சுங்கை பட்டாணிச் சீ. முத்துசாமி தோட்டத்து வாழ்க்கையை எழுதி 2017இல் கோவையில் விஷ்ணுபுரம் விருது வாங்கினார். அவர் எழுதிய 'மண்புழுக்கள்' நாவலை உங்களில் எத்தனை பேர் கையில் எடுத்திருக்கிறீர்கள்? அதே ஊர் கே. பாலமுருகன் நம் பிள்ளைகளுக்கென்றே துப்பறியும் கதைகள் எழுதுகிறார். அவற்றைத் தொடராக எடுக்க உரிமை கேட்டு ஒரு தம்பி போயிருந்தால், பிக் பாஸ் உரிமைக்கு ஆகிற செலவில் ஒரு துளிகூட ஆகியிருக்காது.

மேற்கே ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கு. இதைப் பற்றித்தான் நீங்கள் நிறையக் காணொளி போடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: இராஜேந்திர சோழன் கட்டிய கோயில்கள். பின்னணியில் போர் முரசு. யார் சொன்னது என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்தது என்கிறீர்கள். இராஜேந்திரனின் படை கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு, வந்தது 1025ஆம் ஆண்டுவாக்கில். பள்ளத்தாக்கில் கிடைத்தவற்றில் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவையும் உண்டு. புத்த மதத்தைச் சேர்ந்தவையும் உண்டு. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்தது. மெர்போக்கில் நீங்கள் படமெடுக்கிற புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயில், 1960 வாக்கில் கல் கல்லாகச் சேர்த்து மீண்டும் எழுப்பியது. நம் டாக்டர் வீ. நடராஜன் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி 2011இல் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். இவ்வளவும் காணொளிக்கு உதவாத தகவல் என்றா நினைக்கிறீர்கள்? படையெடுத்து வந்த அரசனைவிட, அவன் ஆசைப்பட்டு வரும் அளவுக்கு இரும்பும் வணிகமும் வைத்திருந்த ஊர் என்று சொன்னால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

2013இல் இதே இடத்தில் 11ஆம் எண் சண்டியை வீடமைப்பு நிறுவனம் ஒன்று இடித்துத் தள்ளியது. இடித்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அன்று உங்களைப் போல் நாலு பேர் கேமராவோடு அங்கே சுற்றிக்கொண்டிருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். 2019இல் 'கடாரம் கொண்டான்' என்று ஒரு படம் வந்தது. விக்ரம் நடித்து, மலேசியாவில் எடுத்தது. நம் ஊர்ப் பெயர் ஆயிற்றே என்று போய் உட்கார்ந்தேன். அது பிரெஞ்சுப் படம் ஒன்றின் மறு ஆக்கம். கடாரத்துக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம் பெயர்ப்பலகையோடு முடிந்தது.

சரி, ஏன் இப்படி ஆகிறது? சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிகிற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும். உங்களை ஓட்டுகிறவன் வேறு ஒருவன். உங்கள் பாட்டன் காலத்தில் கங்காணி இருந்தார். ஊருக்குப் போய் ஆள் பிடித்து வருவார். ஒவ்வொரு நாளும் காலைப் பெரட்டில் நின்ற தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. வந்தவன் என்ன நினைத்தான், எதற்கு அழுதான் என்பது அவர் கணக்கில் வராது. தலை வந்ததா, காசு வந்ததா, அவ்வளவுதான். இன்று உங்கள் கைப்பேசிக்குள் உட்கார்ந்துகொண்டு, இதைப் போடு கூட்டம் வரும், அதைப் போடாதே என்று விரட்டுகிற கணக்குக்கும் அதே பிழைப்புதான். நேற்று ஓடியது எதுவோ அதையே இன்றும் செய்யச் சொல்லும். நேற்று ஓடியதைச் செய்தவர் சென்னையில் இருந்தால் உங்களைச் சென்னைக்காரராக்கும். நீங்கள் வேலைக்காரர், முதலாளி இல்லை. அதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பாதி விடுதலை.

அந்தக் கணக்கு நகலெடுக்கச் சொல்வது பேச்சையும் நடிப்பையும் மட்டும் என்றால் போகிறது என்று விடலாம். கோபத்தையும் நகலெடுக்கச் சொல்கிறது. டிக்டாக் நேரலையில் நம்மவர்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ள, பார்க்கிறவர்கள் பரிசு அனுப்பி உசுப்பேற்றுவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். சிலர் செய்தும் இருக்கிறீர்கள். 2024 ஜூலையில் நம் இனத்துப் பெண் ஒருவர் அப்படிப்பட்ட இணையத் துன்புறுத்தலுக்குப் பிறகு இறந்தார். அந்த வழக்கில் ஒருவருக்கு விதித்த அபராதம் 100 வெள்ளி. நாடே கொதித்தது, பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். திட்டியவர்கள் எல்லாருக்கும் அந்தப் பெண்மேல் சொந்தப் பகை இருந்திருக்காது. முன்னால் ஒருவன் திட்டினான், கூட்டம் சேர்ந்தது, பின்னால் வந்தவன் அதையே எடுத்துத் திட்டினான். சுயமாக யோசிப்பது என்று பெரிய பேச்சாகப் பேசுகிறோமே, அதன் மிகச் சின்ன அளவு இதுதான்: கூட்டம் ஒருவரை அடிக்கும்போது, நான் ஏன் அடிக்கிறேன் என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வது.

இப்போது கதையையும் இயந்திரமே எழுதித் தருகிறது என்று ஒரு தம்பி காட்டினார். அரை நிமிடத்தில் தோட்டத்துக் கதை வந்தது. தோட்டம் இருந்தது, ஏழை அப்பா இருந்தார், படித்து முன்னேறும் மகள் இருந்தாள், கடைசியில் எல்லாரும் கண் கலங்கினார்கள். மங்கில் பால் உறைவதற்குள் மழை வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ஒட்டுப்பால் நாற்றம் இல்லை. எழுத்தில் உள்ளதுதானே அதற்குத் தெரியும்? நம் தோட்டங்களைப் பற்றி எழுத்தில் வந்தது கொஞ்சம். மிச்சம் எல்லாம் உங்கள் பாட்டிமார் தலைக்குள் இருக்கிறது.

தொலைக்காட்சி நிலையங்களில் இருப்பவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வார்த்தை. ஆஸ்ட்ரோ வானவில்லில் 'விழுதுகள்' போன்ற நிகழ்ச்சியில் நம் ஊர் மனிதர்கள் வந்து உட்கார்ந்து நம் பேச்சில் பேசும்போது வீட்டில் யாரும் சேனலை மாற்றுவதில்லை. நாடகத்துக்கு வரும்போது மட்டும் ஏன் எல்லாரும் கோடம்பாக்கத்தில் பிறந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்? கெடாவிலிருந்து ஒரு பிள்ளை கதை கொண்டுவந்தால், "கொஞ்சம் மசாலா சேர்த்துக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். மசாலாவை அவர்கள் வீட்டிலேயே அரைக்கிறார்கள்.

நிலையங்கள் இல்லாமலும் வழி உண்டு. சுகு பவித்ரா என்ற யூடியூப் பக்கத்தை 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாடே பார்த்தது. பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துத் தம்பதி. தோட்டத்து வீட்டுச் சமையலறை, ஒரு கைப்பேசி, தெளிவான மலாய், சாதாரண மீன் குழம்பு மாதிரிச் சமையல். கண்ணை மூடித் தலையை ஆட்டவில்லை. யாரையும் போல் இருக்க முயலவில்லை. மலாய்க்காரர், சீனர் எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பெண் பேசியது அவருக்கு வருகிற மொழி, சமைத்தது அவர் வீட்டில் அன்று சமைக்க இருந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தொண்டர் படை கள்ளுக்கடை முன்னால் நின்ற 1947இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த குடும்பங்கள் பீடோங் தாமான்களில் இருக்கின்றன. கேட்டால் பேசுவார்கள். கேட்க ஆள் இல்லாததால் பேசாமலிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நம் மாநிலத்தில் விடுமுறைதான். ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கிக்கொண்டு போங்கள், கேமராவை ஓரமாக வையுங்கள், இசை போடாதீர்கள், குறுக்கே பேசாதீர்கள். எடுத்ததை வெட்டாமல் ஒரு பிரதி எனக்கும் கொடுங்கள். கடை இல்லாவிட்டாலும் அலமாரி இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் வீடியோ கடை அங்கிள்
புக்கிட் செலம்பாவ், கெடா